முப்பதுக்கு முப்பது

ஒன்பது என்று கூப்பிட்டார்கள். என் கையில் இருக்கிற டோக்கன் பதினாலு. இன்னும் ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் வைத்தாலும் ஐம்பது நிமிஷம், அதற்குள் சொல்வதா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஐம்பது நிமிஷத்தில் நூற்றியெண்பது பிள்ளைகளைப் பந்தியில் உட்காரவைத்து எழுப்பியவள் நான், இது ஒரே ஒரு வாக்கியம். நானும் ஹலிமாவும் மாத்திரையை மாற்றிக்கொண்டோம். அவ்வளவுதான். என் நுரையீரலே தாங்கக்கூடிய நீளம்தான். மேலே வார்டிலிருந்து இறங்கி வரும்போது படிக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. இங்கே வந்து உட்கார்ந்ததும் முதல் சொல்லே வரவில்லை. இது பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, நுரையீரல் ஆய்வுப் பிரிவு. இந்த நாற்காலி வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே வியாதி. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். ஒருவர் இருமினால் போதும், வரிசை முழுக்க ஒரு சுற்று இருமி முடிக்கும், போன மாதம் வரைக்கும் எனக்கு அதில் சிரிப்புகூட வரும். இன்றைக்கு அலுப்பாக இருக்கிறது. உட்கார அலுப்பு, எழுந்திருக்க அலுப்பு, எதிர்ச் சுவரில் நுரையீரல் படத்தில் சிவப்பும் நீலமுமாக ஓடுகிற குழாய்களைப் பார்க்க அலுப்பு. மடியில் மஞ்சள் பை, பைக்குள் வெள்ளை டப்பா, டப்பாவுக்குள் மிச்சம் நாலு மாத்திரை. கால் மாற்றி உட்கார்ந்தால் நாலும் குலுங்குகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி என் பையைப் பார்க்கிறார்.

நாலு மிஞ்ச வேண்டும், அதுதான் கணக்கு. மாதாமாதம் அறுபது கொடுப்பார்கள், காலையில் ஒன்று இரவில் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் வரும்போது நாலு இருக்கும். அந்தப் பெண் நீலத் தட்டில் கொட்டி ஒரு சின்னக் கரண்டியால் தள்ளித் தள்ளி எண்ணுவாள். நாலையும் எண்ணுவாள், அதுதான் வேடிக்கை, பார்த்தாலே தெரிகிற நாலை. சிந்துஜா அவள் பெயர். ஆய்வுக்கு வருகிறவர்களைக் கூட்டிப் பேசிக் கையெழுத்து வாங்கி மாத்திரை கொடுத்து அனுப்புவது அவள் வேலை. நல்ல பெண். முதல் நாள் என் கையில் பதினொரு பக்கத் தாளைக் கொடுத்து, கொடுத்ததோடு விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து வரி வரியாக வாசித்துக்காட்டினாள். நோயாளிகளுக்கான விளக்கத் தாள், எளிய தமிழில் என்று மேலே போட்டிருந்தது. எளிய தமிழில் என்று போட்டுவிட்டு வருகிற சர்க்கார் தாள்களை நான் இருபத்தாறு வருஷம் பார்த்தவள். சத்துணவு அமைப்பாளருக்கு வருகிற சுற்றறிக்கையில் ஒன்றாவது மனுஷனுக்குப் புரியுமா. ஆனால் இதை யாரோ வேலைமெனக்கெட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். இந்த ஆய்வில் இரண்டு குழுக்கள் இருக்கும். ஒரு குழுவுக்குப் புதிய மருந்து தரப்படும். இன்னொரு குழுவுக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்து இல்லாத மாத்திரை தரப்படும். நீங்கள் எந்தக் குழுவில் இருப்பீர்கள் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், நாணயத்தைச் சுண்டிவிடுவதுபோல. அது உங்களுக்கும் தெரியாது, உங்கள் டாக்டருக்கும் தெரியாது. அங்கே நான் அவளை நிறுத்தினேன். டாக்டருக்குமா தெரியாது என்றேன். தெரியாதும்மா, எங்க யாருக்குமே தெரியாது, ஒரு கவர்ல இருக்கும், அவசரம்னாதான் திறப்பாங்க, தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும் இல்ல என்றாள். அது சரிதான் என்று பட்டது. என் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கே தெரியாதா என்ன. ஏழாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. உங்கள் மாத்திரையை வேறு யாருக்கும் தராதீர்கள், வேறு யாருடைய மாத்திரையையும் நீங்கள் சாப்பிடாதீர்கள். வாசித்துவிட்டு, உங்க வார்த்தைல இத ஒருதடவ திருப்பிச் சொல்லுங்கம்மா என்றாள். எல்லோரிடமும் அப்படிக் கேட்பாளாம், புரிந்ததா என்று பார்க்க. என் மாத்திரை எனக்கு, அவங்க மாத்திரை அவங்களுக்கு என்றேன். டீச்சர் மாதிரியே சொல்றீங்களே என்று சிரித்தாள். டீச்சர் இல்லை, சத்துணவு டீச்சர் என்றேன், ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பத்து. ஒரு ஆள் ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு உள்ளே போகிறார். ஹலிமாவுக்கும் அது வந்துவிடுமோ என்று மாசி மாதத்தில் பயந்தேன். அவளை முதலில் பார்த்தது இங்கே இல்லை, பஸ்ஸில். நான் திருக்கோவிலூர், அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரகண்டநல்லூர், ஐந்தேகால் வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இருமினாள். நான் இருமினேன். அவள் இருமலின் முடிவில் ஒரு விசில் இருந்தது, என்னுடையதிலும் இருந்தது. ஒரே ஆஸ்பத்திரியா என்று கேட்டேன், ஒரே ஆய்வுகூட. அவள் வீட்டுக்காரருக்குப் பஞ்சு மெத்தை தைக்கிற கடை, முப்பது வருஷம் பஞ்சு அடிக்கிற இடத்தில் உட்கார்ந்து உறை தைத்திருக்கிறாள். எனக்கு விறகுப் புகை. பஞ்சும் புகையும் என்று அவள்தான் சொல்லிச் சிரித்தாள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள், டீச்சரக்கா என்பாள். மாதத்தில் ஒரு நாள் அவளோடு போய் வருவதற்காக மற்ற இருபத்தேழு நாளும் காத்திருந்தேன் என்று சொன்னால் என் மகளே நம்ப மாட்டாள், பெங்களூரிலிருந்து வாரம் ஒரு தடவை சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறவள். இரண்டாம் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த இரண்டாம் மாடிக்கு நாற்பத்துநாலு படி. தையில் மூன்று இடத்தில் நின்றுதான் ஏறினேன், மாசியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மேலே வந்து திரும்பிப் பார்த்தால் ஹலிமா முதல் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நெற்றியெல்லாம் வேர்வை, முக்காடு நழுவியது தெரியாமல். அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில், எனக்கு வெத்து மாத்திரதான் டீச்சரக்கா, உங்களுக்குத்தான் மருந்து விழுந்திருக்கு, எல்லாம் அவன் போட்ட பங்கு என்றாள். பொறாமை இல்லை அவள் குரலில். பொறாமை இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

பங்கு. அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. வாரத்தில் முட்டை போடுகிற நாளில் நூற்றியெண்பதுக்கு நூற்றறுபதுதான் வரும், ஏன் என்று கேட்டால் லாரியில் உடைந்துவிட்டது என்பார்கள். கடைசி இருபது பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நூலால் அறுப்பேன். அவித்த முட்டையைக் கத்தியால் வெட்டினால் மஞ்சள் உதிர்ந்துபோகும், தையல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் இரண்டு பாதியும் சமமாக நிற்கும். நாற்பது பிள்ளைகளுக்குப் பாதிப் பாதி. முழு முட்டை கிடைத்தவனும் பாதி கிடைத்தவனும் அடுத்த வாரம் மாறிக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு நோட்டு. எனக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான், இருபத்தாறு வருஷம் அதை வைத்தே ஓட்டினேன். பங்குனியில் மாத்திரை வாங்கிக்கொண்டு கீழே கேன்டீனில் உட்கார்ந்ததும் நான்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நான்தான். உன் டப்பாவை எடு ஹலிமா என்றேன். வேணாம் டீச்சரக்கா, அந்தப் புள்ள அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சு சொல்லுச்சே என்றாள். தராதே என்றுதானே போட்டிருக்கிறது, நான் எங்கே தருகிறேன், நீ முப்பது கொடு நான் முப்பது கொடுக்கிறேன், எண்ணிக்கை எங்கே குறைகிறது என்றேன். எப்படிப் பேசியிருக்கிறேன் பார், ஆடிட்டுக்கு வந்தவனிடம் பேசுகிற மாதிரி. டீத் தட்டைத் துடைத்துவிட்டு அதில் கொட்டி முப்பதுக்கு முப்பது எண்ணி மாற்றினோம், அடுத்தடுத்த மாதமும் அப்படியே. காலையில் அவளுடையது, இரவில் என்னுடையது என்று இல்லை, டப்பாவைக் குலுக்கிவிட்டால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்குமே தெரியாது என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம், இருமினோம்.

பதினொன்று போய்ப் பன்னிரண்டும் போய்விட்டது போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. சித்திரையில் அவள் இருமல் குறைந்தது, அது பொய் இல்லை, விசில் போய்விட்டது. வைகாசியில் நோன்புக் கஞ்சி மாதிரியே காய்ச்சினேன் டீச்சரக்கா என்று தூக்கில் கொண்டுவந்து பஸ்ஸிலேயே ஊற்றிக்கொடுத்தாள். எனக்குத்தான் முப்பதாவது படியில் ஒரு நிறுத்தம் திரும்பி வந்தது. வந்தால் வரட்டும், செருப்பு வார் கழன்றுவிட்டதுபோல் குனிந்து சரிசெய்வேன், அவளுக்குத் தெரியக் கூடாது. மூச்சில் பாதியைக் கொடுத்தோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை, மறைப்பானேன், இருந்தது. ஆனியில் அவளுக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. வெயில் என்றேன். ஆடி பிறந்து அவள் கண்ணில் மஞ்சள். நேற்று சாயங்காலம் அவள் மகன் சாதிக் ஃபோன் பண்ணி, அம்மாவ நாலாம் மாடில சேத்திருக்கோம் டீச்சர், ரெண்டு நாளா வாந்தி, ஈரல்ல ஏதோன்னு சொல்றாங்க என்றதும் அந்தப் பதினொரு பக்கத் தாளைத் தேடி எடுத்தேன். எட்டாம் பக்கம். இந்த மருந்தால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாம், ஆகவே மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்வோம். சிலருக்கு. அந்தச் சிலரில் ஒருத்தியாக இருக்க அவளுக்கு என்ன அவசியம். நாணயம் சுண்டி அவளை இந்தப் பக்கம் போட்டிருக்கிறது, நான் போய்த் தூக்கி அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன்.

ஏழு மணிக்குக் கீழ்த்தளத்தில் டோக்கன் வாங்கிவிட்டு நாலாம் மாடிக்குப் போனேன். எண்பத்தெட்டுப் படி, ஆறு இடத்தில் நின்றேன். லிஃப்ட் இருக்கிறது, ஏழு மாதமாக நான் அதில் ஏறினதில்லை, ஏறினால் மருந்து வேலை செய்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும். ஹலிமா சுவர் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பினதும் மஞ்சள், கண், நகம், உதட்டோரம்கூட. சாதிக் டீ வாங்கப் போயிருந்தான். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சரக்கா, நாம மாத்திக்கிட்டத, என் மேல சத்தியம் பண்ணுங்க என்றாள். மாத்திரையை நிறுத்திவிட்டாயா என்று கேட்டேன். நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டது காலி டப்பாவாம், மாத்திரை தலையணை உறைக்குள் இருக்கிறது, காலையில்கூட ஒன்று போட்டுக்கொண்டேன் என்றாள். பயந்துபோய்த் தலையாட்டினேன், சத்தியமா ஆட்டமா எனக்கே தெரியாது. படியில் சாதிக் எதிரே வந்தான். கவரத் திறந்து பாத்துட்டாங்க டீச்சர், அம்மாவுக்குக் குடுத்தது மருந்தே இல்லையாம், வெத்து மாத்திரையாம், அப்போ இது மருந்தால வந்தது இல்லன்னு சொல்றாங்க, பித்தப்பைல கல்லா இருக்கும், மத்தியானம் மயக்கம் குடுத்து வாய் வழியா கொழா விட்டுப் பாக்கப்போறாங்க, நுரையீரல் தாங்குமான்னு தெரியல, கையெழுத்து போட்டுட்டேன் என்றான். நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். அங்கேயே, அந்தப் படியிலேயே சொல்லியிருக்கலாம். தைரியமா இருப்பா என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

சொன்னால் என்ன ஆகும். குழாய் நிற்கும், மாத்திரையைப் பிடுங்குவார்கள், அவள் பிழைக்கலாம். என்னையும் ஆய்விலிருந்து எடுப்பார்கள். இந்த மருந்து கடையில் கிடைக்காது, மூன்றாம் பக்கம். ஆவணிக்கு மூன்று நிறுத்தம், ஐப்பசிக்கு ஆறு, அடுத்த தைக்கு அந்தத் தள்ளுவண்டி. இப்படி நினைக்கிறேனே, அங்கே ஒருத்தி மஞ்சளாகப் படுத்திருக்கிறாள், நான் படியை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவள்தானே வேண்டாம் என்றாள். அவளுக்கும் மாத்திரை போய்விடும் என்ற பயம், பாவம், இருமல் நின்ற ருசி கண்டவள். சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியம் செய்யவில்லை, தலைதான் ஆட்டினேன். சரி, இன்னொன்று இருக்கிறது. என்னுடையதும் வெத்தாக இருந்தால். ஏன் இருக்கக் கூடாது. நாணயம் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் விழாதா. படியேறினது மனசு சாய்ந்ததாக இருக்கலாம், பக்கத்தில் பேச ஆள் கிடைத்ததாக இருக்கலாம். அப்படியானால் அவளுக்கு நான் கொடுத்தது வெறும் மாவு, முப்பது மாவு, கல்தான் கல், டாக்டர் சரி, நான் ஒன்றும் செய்யவில்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறது இந்த யோசனை. இதிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருக்கிறது. என்னுடையது மருந்தாக இருக்க வேண்டும் என்று ஏழு மாதம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவள், இப்போது வெத்தாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அம்மனும் என்னதான் செய்வாள். பதின்மூன்று வெளியே வருகிறார். முழங்கால் வலிக்கிறது, நேரத்தோடு எழுந்தது, வெறும் வயிறு. பதினாலு என்கிறார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் என் கையில் இருக்கிற தாளைப் பார்த்துவிட்டு, உங்களத்தாம்மா என்கிறார்.

சிந்துஜா எப்போதும்போல முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சாப்டீங்களாம்மா என்றாள். நீலத் தட்டில் கொட்டி எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கணக்கு சரியா இருக்கு என்று எழுதினாள். பிறகு கேள்விகள். இருமல் எப்படி, பசி எப்படி, வேறு மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா, தூக்கம் உண்டா. ஒவ்வொன்றுக்கும் என் வாயே பதில் சொல்லியது. கடைசிக் கேள்வியை அவள் தாளைப் பார்க்காமலே கேட்பாள். மாத்திரைய நீங்க மட்டும்தானே சாப்டீங்க என்று கேட்டு, பதில் வருவதற்குள்ளேயே ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள். மூன்று மாதம் நான் ஆம் என்று சொன்னதை வைத்துப் போட்ட டிக் அது, அவள்மேல் தப்பில்லை. அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பாட்டுக்கு இருந்துவிட்டால் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"இல்லம்மா" என்றேன்.

"என்னம்மா?"

"நான் மட்டும் சாப்டல. ஹலிமாவும் நானும் மாத்திக்கிட்டோம். பங்குனிலருந்து. முப்பதுக்கு முப்பது. நான்தான் சொன்னேன், அவ வேணாம்னுதான் சொன்னா."

அவள் பேனாவை மூடினாள். திரும்பத் திறந்தாள். முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, நிறம்தான் போயிற்று. "இப்பவும் சாப்பிடறாங்களா?"

"தலையணை உறைக்குள்ள இருக்கு. காலைலகூட ஒண்ணு போட்டிருக்கா."

ஃபோனை எடுத்து நாலாம் மாடிக்குப் பேசினாள், வேகமாக, பாதி இங்கிலீஷில். குழாய், நிறுத்துங்க, தலையணை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு டாக்டரின் அறைக்கு ஓடினாள். நான் அந்த நாலு மாத்திரையோடு உட்கார்ந்திருந்தேன். தட்டின் நீலத்தில் அவை பழுப்பாக, ஒன்றுபோல ஒன்றாக, கிடந்தன. வெத்தா, மருந்தா, எது யாருடையது. சொல்லிவிட்ட பிறகு லேசாக இருக்கும் என்பார்கள், எனக்குத் தூக்கம்தான் வந்தது. அவள் திரும்பி வந்து நின்றபடியே சொன்னாள்.

"உங்க கவரையும் திறந்துட்டாங்கம்மா. உங்களுக்கு மருந்துதான் வந்திருக்கு."

ஏழு மாதம் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் ஐந்தேகால் வண்டி பிடித்தேன். கேட்டுவிட்டேன். அவள் டப்பாவை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தாள். இனிமே உங்களுக்குத் தர முடியாதும்மா, ஆனா வழக்கமான வைத்தியம் எல்லாம் இங்கயே பாப்போம், அது கெடாது என்றாள். பத்தாம் பக்கம், எனக்கே தெரியும். ரத்தம் எடுக்க வேண்டும், என் ஈரலையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. அவள் கேட்டாள், ம் என்றாள், இன்னொரு ம், பிறகு ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மாத்திரைய வாங்கிட்டாங்களாம். கொழா டெஸ்ட் இன்னிக்கு இல்ல. ஹலிமா அம்மா ரொம்ப அழறாங்களாம்."

"எம் மேல கோவமா இருப்பா. சத்தியம் வாங்கினா."

"அதுக்கில்லம்மா. நர்ஸ்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பக் கேக்கறாங்களாம். டீச்சரக்காவுக்கு மாத்திரைய நிறுத்திடுவீங்களா, அவங்களுக்கு மட்டுமாவது குடுங்க, அவங்க படில நின்னு நின்னு வர்றாங்கன்னு."

செருப்பு வாரைக் குனிந்து குனிந்து சரிசெய்தேனே, அதெல்லாம் பார்த்திருக்கிறாள். காலையில் என் கையைப் பிடித்துக் கெஞ்சினது இதற்குத்தான், நான் என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழ மூச்சு போதவில்லை.

"என்னம்மா சொல்லட்டும்?" என்றாள் சிந்துஜா, ஃபோனைப் பொத்தின கையை எடுக்காமல்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் போய்ச் சொல்லிக்கறேன்."

மஞ்சள் பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன், உள்ளே ஒன்றும் குலுங்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டு வரை நடந்தேன். கைப்பிடியில் கை வைத்து மேலே பார்த்தேன். பிறகு அந்த வழியாகப் போன ஆயாவை நிறுத்தி, லிஃப்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன்.